பிளைன் ஏறாத கத்தி

திருவனந்தபுரம் விமான நிலையத்தில் பெட்டிகளை எடைபோட்டு அனுப்பியாகிவிட்டது. போர்டிங் பாஸைக் கையில் பிடித்துக்கொண்டு எமிக்ரேஷன் வரிசைக்கு நடக்கும்போதுதான் மரியஜான் அந்தப் பலகையைப் பார்த்தார். ஒரு கத்தரிக்கோல், ஒரு தீப்பெட்டி, ஒரு கத்தி. மூன்றின் மேலும் சிவப்பாகக் குறுக்குக் கோடு போட்டிருந்தது. அவருடைய கை தானாகப் பேண்ட் பைக்குள் போனது.

"கிளாரா, கொஞ்சம் நில்லு."

முன்னால் போய்க்கொண்டிருந்த மனைவி திரும்பினாள்.

"கத்தி இருக்கு."

"எந்தக் கத்தி?"

"எந்தக் கத்தின்னு கேக்கியா?"

கிளாரா தலையில் கை வைத்துக்கொண்டாள். குளச்சலில் அந்தக் கத்தியைத் தெரியாதவர்கள் அவர்கள் தெருவில் இல்லை. ஒரு விரல் நீளம் இருக்கும், மடக்குக் கத்தி. பிடி மான் கொம்பு மாதிரி பழுப்பாக இருக்கும். கொம்பு இல்லை, ஏதோ பிளாஸ்டிக்தான். வலை நூல் அறுக்க, பாக்கு வெட்ட, மாங்காய் சீவ, நகம் எடுக்க எல்லாவற்றுக்கும் அதுதான். கைலி கட்டினால் மடியில், பேண்ட் போட்டால் பையில். காலையில் பேண்ட் மாட்டும்போது சாவி, சீப்போடு அதுவும் உள்ளே போய்விட்டது.

மகன் பிரபின் குவைத்திலிருந்து போன் பண்ணி எத்தனையோ சொல்லியிருந்தான். ஊறுகாய்ப் பாட்டிலை எப்படிச் சுற்றவேண்டும், இறங்கும் இடத்தில் எந்த வரிசையில் நிற்கவேண்டும் எல்லாம் சொன்னான். கத்தியைப் பற்றிச் சொல்லத் தோன்றவில்லை. அப்பா பஹ்ரைனில் பத்துப் பன்னிரண்டு வருஷம் இருந்தவர்தானே என்று நினைத்திருப்பான். ஆனால் மரியஜான் கடைசியாக விமானம் ஏறியது தொண்ணூற்றொன்பதில். அன்றைக்கும் இதே கத்தி இதே பையில்தான் இருந்தது. யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

பலகைக்குப் பக்கத்தில் நின்ற காவலரிடம் அவரே போய்க் காட்டினார். பாலக்காட்டுக்காரர், தமிழ் நன்றாகத் தெரிந்தவர். கத்தியைக் கையில் வாங்காமலே தலையாட்டினார்.

"கைப்பையில போகாது. பெட்டிக்குள்ள வச்சிருந்தா போயிருக்கும்."

"பெட்டி அப்பமே போயாச்சு சார்."

"வெளியில ஆளு இருந்தா குடுத்திட்டு வாங்க. இல்லேன்னா இதுல போடுங்க."

அவர் காட்டிய இடத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி இருந்தது. உள்ளே நகவெட்டிகள், லைட்டர்கள், ஒரு தையல் கத்தரி, பிள்ளைகள் பென்சில் சீவுகிற பிளேடு. கத்தரியின் வளையத்தில் யாரோ பச்சைத் துணி சுற்றியிருந்தார்கள், விரல் நோகாமல் இருக்க. எந்தப் பெண்ணோ வருஷக்கணக்காய் வைத்துத் தைத்தது. மரியஜான் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

வெளியே ஆள் இல்லை. வேனில் கொண்டுவந்து விட்ட மருமகன்முறைப் பையன் அனிஷ் அப்போதே திரும்பிவிட்டான். இந்நேரம் பாலராமபுரம் தாண்டியிருப்பான்.

"போட்டிருங்க," என்றாள் கிளாரா. "குவைத்துல கத்தியா கிடைக்காது?"

மரியஜான் கத்தியைப் பெட்டியின் வாய்வரைக்கும் கொண்டுபோனார். அங்கேயே பிடித்துக்கொண்டு நின்றார். கிளாரா அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் பைக்குள் கைவிட்டு போனை எடுத்தாள்.

"ஏசுஅடிமை அண்ணன் இங்கதான இருக்காரு, வலியதுறையில. மதில் தாண்டுனா வீடு."

அந்தப் பெயரை அவள் அவர் முன்னால் சொல்லி நான்கு வருஷம் ஆகிறது.

ஏசுஅடிமையும் மரியஜானும் ஒரே கட்டுமரத்தில் தொழில் செய்தவர்கள். பஹ்ரைனுக்கும் சேர்ந்தே போனார்கள். பிரபினும், ஏசுஅடிமையின் மகள் ஜின்சியும் பிறந்தபோதே இரண்டு வீட்டிலும் பேசி வைத்தாகிவிட்டது. கோயில் திருவிழாவில் இரண்டையும் ஒரே பெஞ்சில் உட்காரவைத்து ஊரே கேலி பண்ணும். பிள்ளைகள் வளர்ந்தார்கள். பிரபின் குவைத்துக்குப் போனான். சுனாமிக்கு மறுவருஷம், குழித்துறைக்காரி சுபிதாவைக் கட்டப்போகிறேன் என்று அங்கிருந்து போன் வந்தது. அவள் அங்கே நர்ஸ், சி.எஸ்.ஐ. குடும்பம்; இவர்களோ கத்தோலிக்கர்கள். மரியஜான் எவ்வளவோ சத்தம் போட்டுப் பார்த்தார். மகன் கேட்கவில்லை.

ஏசுஅடிமை சண்டைக்கு வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பேச்சை நிறுத்தினார், அவ்வளவுதான். ஜின்சிக்கு வலியதுறையில் மாப்பிள்ளை பார்த்துக் கல்யாணம் முடித்தார். தெருவுக்கெல்லாம் அழைப்பு போனது, மரியஜான் வீட்டுக்கு மட்டும் இல்லை. பிறகு மனைவி டெல்சியோடு மகள் வீட்டுப் பக்கத்திலேயே குடிபோய்விட்டார்.

"அவன் நம்பருக்கு எங்க போக?" என்றார் மரியஜான்.

"எனக்கிட்ட இருக்கு."

"உனக்கிட்டயா?"

"உங்க ரெண்டு பேருக்கும்தான் பேச்சில்ல. எனக்கும் டெல்சிக்கும் என்ன?" என்று சொல்லிக்கொண்டே கிளாரா நம்பரை அழுத்தினாள். மறுமுனையில் டெல்சி எடுத்ததும் இரண்டே வாக்கியத்தில் விஷயத்தைச் சொன்னாள். கொஞ்சநேரம் கேட்டாள். "வாறாராம்," என்று போனை வைத்தாள்.

காவலர் இருவரையும் வாசல் கண்ணாடிக் கதவு வரைக்கும் கூட்டிப்போய் நிறுத்தினார். கதவு திறக்கும்போதெல்லாம் சங்குமுகம் கடலின் காற்று உள்ளே வந்தது. மரியஜான் கத்தியைக் கைக்குள் பொத்தி வைத்திருந்தார்.

அதை வாங்கியது ஏசுஅடிமைதான். எண்பத்தாறில் பம்பாயில் ஏஜெண்டுக்காகக் காத்துக்கிடந்த நாளில், ஒரு நடைபாதைக் கடையில். விமானத்தில் அது அவனுடைய சட்டைப் பையில் இருந்தது. இருவருக்கும் அதுதான் முதல் தடவை. பயத்தில் ஒரே ஜெபமாலையை ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் எவனோ பீடி மாதிரி நாறுகிற சிகரெட்டைப் புகைத்துக்கொண்டிருந்தான். அதுவும் அன்றைக்கு நடக்கும். முன்வரிசையில் ஒரு கைக்குழந்தை ஓயாமல் அழுதது. கையில் கட்டியிருந்த கறுப்புக் கயிறு இறுகி, கை வீங்கிவிட்டிருந்தது. பணிப்பெண் சாப்பாட்டுத் தட்டில் இருந்த கத்தியால் அறுத்துப் பார்த்தாள். அது வெண்ணெயையே வெட்டாத கத்தி. யாரிடமாவது நல்ல கத்தி இருக்கிறதா என்று ஆங்கிலத்திலும் இந்தியிலும் கேட்டாள். ஏசுஅடிமைக்கு இரண்டு பாஷையும் தெரியாது. ஆனால் குழந்தையின் கையைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. எழுந்துபோய்த் தானே அறுத்துவிட்டான், தோலில் ஒரு கீறல் படாமல். வலை நூலில் பழகிய கை.

அதற்குப் பிறகு அந்தக் கத்தி விமானம் முழுக்கச் சுற்றியது. ஒருவர் ஆப்பிள் நறுக்க வாங்கினார். ஒருவர் அட்டைப்பெட்டியின் கயிற்றை அறுத்து உள்ளே இருந்த அல்வாவை எடுத்து எல்லோருக்கும் கொடுத்தார். இறங்கும் நேரத்தில் பணிப்பெண் அதைக் கழுவித் துடைத்து, ஒரு தட்டில் வைத்து, பக்கத்தில் கைநிறைய மிட்டாயும் வைத்துக் கொண்டுவந்து தந்தாள். மாப்பிள்ளைக்கு மோதிரம் கொண்டுவருகிற மாதிரி இருந்தது. ஏசுஅடிமை அதைச் சொல்லிச் சொல்லி ஒரு வருஷம் சிரித்தான்.

அவனுக்குப் பஹ்ரைன் ஒத்துவரவில்லை. இரண்டாம் வருஷம் ஊருக்குக் கிளம்பும்போது கத்தியை மரியஜானின் தலையணைக்குக் கீழே வைத்துவிட்டுப் போனான்.

"அந்தா வாறாரு," என்றாள் கிளாரா.

கைலியும் நீலச் சட்டையுமாக ஏசுஅடிமை ரோட்டைக் கடந்து வந்தார். தலை முழுக்க வெளுத்திருந்தது. கையில் ஒரு பொட்டலம். கடற்கரை வழியாகவே நடந்து வந்திருக்கவேண்டும், கால் விரல்களில் மணல் ஒட்டியிருந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். நடுவில் காவலர்.

"கிளாரா, சொகமா?"

"சொகந்தான் அண்ணே."

"எங்க அது?" இதை யாரையும் பார்க்காமல் கேட்டார்.

மரியஜான் கையை நீட்டினார். ஏசுஅடிமை கத்தியை வாங்கி, விரித்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"துருவேற விட்டிருக்க. எண்ணெ போடாண்டாமாலே?"

பழைய நாளில் உரிமையோடு கூப்பிட்ட அந்த 'லே' அவரறியாமல் வந்துவிட்டது.

"உப்புக் காத்துல துருப்பிடிக்காம பின்ன?"

"ஐயா, அதை மடக்குங்க. இங்க விரிக்கப்பிடாது," என்றார் காவலர். ஏசுஅடிமை மடக்கி மடியில் செருகினார். பிறகு கேட்டார்.

"எங்க போறிய?"

டெல்சி சொல்லியிருப்பாள். தெரிந்துகொண்டே கேட்கிறார். மரியஜான் கொஞ்சம் தயங்கினார்.

"பிரபின் வீட்டுக்கு. பிள்ளைக்கு ஞானஸ்நானம்."

"ஆணா, பெண்ணா?"

"பெண்ணு."

"ஜின்சிக்கு ஆணு. உனக்குத் தெரிஞ்சிருக்குமே."

"எனக்கு எப்படித் தெரியும்? இவ ஒண்ணும் சொல்லல்ல."

"எனக்கும் இப்பத்தான் தெரியும், இவளுவ போன்ல பேசுகது."

இரண்டு பேரும் கிளாராவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் தோள்பையின் வாரைச் சரிசெய்தபடி மேலே ஓடிக்கொண்டிருந்த விமான நேரப் பலகையைப் படித்துக்கொண்டிருந்தாள்.

ஏசுஅடிமை பொட்டலத்தை நீட்டினார். "முந்திரிக்கொத்து. ஜின்சி குடுத்துவிட்டா, பிரபினுக்குப் பிடிக்கும்னு. சின்னதுல ரெண்டும் அடிபிடிச்சுத் தின்னதுவதானே." அதற்கு மேல் எதுவோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டார். "அதுவ நல்லாத்தான் இருக்குதுவ மக்கா. நமக்குத்தான் கோவம்."

"எனக்கு ஒரு கோவமும் இல்ல. வெக்கம்தான்," என்றார் மரியஜான். "உன் மூஞ்சியில எப்படி முழிக்கன்னு."

ஏசுஅடிமை காவலரிடம் திரும்பினார். "சார், கத்தி போகாது. முந்திரிக்கொத்து போகுமா?"

"அது போகும்," என்றார் காவலர். சிரித்தாரா இல்லையா என்று சொல்லமுடியாத முகம்.

"அப்பம் போய்ட்டு வா. பிள்ளைக்க நெத்தியில குருசு போடும்போ எனக்கும் சேத்து ஒண்ணு போடு."

அவர் ரோட்டைக் கடக்கும்வரை மரியஜான் கதவருகிலேயே நின்றார். கிளாரா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

விமானத்தில் சாப்பாட்டுக்கு பிளாஸ்டிக் கத்திதான் தந்தார்கள். ரொட்டியை அறுக்கப்போனால் அது வளைந்தது. மரியஜான் தனியாகச் சிரித்தார். கிளாரா என்னவென்று கேட்டாள். அவர் எண்பத்தாறு கதையை ஆரம்பித்தார். அவள் நூறு தடவை கேட்ட கதை. அல்வா வருவதற்குள் தூங்கிவிட்டாள். அவர் மீதியைத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பக்கத்து இருக்கைப் பையன் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு கண்ணை மூடியிருந்தான். விமானத்தில் யாரும் யாரோடும் பேசவில்லை. எண்பத்தாறில் இறங்கும்போது பாதிப்பேரின் ஊரும் பேரும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

குவைத்தில் பிரபின் ஒரு முந்திரிக்கொத்தைக் கடித்துவிட்டு, "இது அம்மா செய்ததில்லையே," என்றான். யார் செய்தது என்று சொன்னதும் மென்றுகொண்டிருந்த வாய் நின்றது. அன்று மாலை அவனும் சுபிதாவுமாக வலியதுறைக்குப் போன் பண்ணினார்கள். முதலில் ஜின்சியோடு பேசினார்கள். பிறகு ஏசுஅடிமை வாங்கினார். என்ன பேசினார்கள் என்று மரியஜான் கேட்கவில்லை. மகன் கண்ணைத் துடைத்ததை மட்டும் பார்த்தார். ஞானஸ்நானத்தன்று பேத்தியின் நெற்றியில் இரண்டு தடவை சிலுவை போட்டார். சாமியார் ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

மழைக்காலம் தொடங்கியபிறகு திரும்பி வந்தார்கள். இறங்கியவர்களை அழைத்துப்போக நின்ற கூட்டத்தில் ஏசுஅடிமையும் நின்றார், குடையோடு. அனிஷை வரவேண்டாம் என்று அவரே போனில் சொல்லியிருக்கிறார். நேராகத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனார். டெல்சி நெய்மீன் குழம்பு வைத்திருந்தாள். தலைக்கு மேல் விமானம் போகும்போதெல்லாம் பேச்சை நிறுத்தவேண்டியிருந்தது. அது கடந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள்.

மரியஜான் கத்தியைக் கேட்டார்.

"அது இங்கயே கிடக்கட்டும்," என்றார் ஏசுஅடிமை. "நீ இனி வருஷாவருஷம் பேத்தியப் பாக்கப் போவ. வாசல்ல நின்னு ஆளு தேடாண்டாம் பாரு."

மாலையில் தம்பானூர் பஸ் நிலையத்தில் குளச்சல் பஸ் நின்றது. ஏசுஅடிமை பெட்டிகளை மேலே ஏற்றிவிட்டார். பஸ் கிளம்பப் போகிறது, அவர் இறங்கவில்லை. மரியஜானை இடுப்பால் தள்ளிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எங்க அண்ணே?" என்றாள் கிளாரா.

"குளச்சலுக்குத்தான். போய் நாலு வருஷமாச்சு."

"மாத்துத் துணி?"

"இவனுக்க சட்டை எனக்குப் பத்தும்," என்றார் ஏசுஅடிமை.