கண்ணாடி போட்ட வாழ்த்துப்பா

றொசாந்தி கேட்டது ஒன்றைத்தான். தான் எழுதிய கடிதம் கணித வாத்தியார் கனகரத்தினத்தின் பணிப் பதிவுக் கோவையில் ஏற வேண்டும். அவர் எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனாலும் அதுவும் கூடப் போக வேண்டும். எட்டாம் வகுப்பில் படிக்கும் அவளுடைய மகளை, மேலதிக வகுப்பு முடிந்ததும் தனியே மறித்துவைத்து, மேலில் கை போட்டிருந்தார் அந்த மனிதர்.

பருத்தித்துறைப் பள்ளிக்கூடத்தின் அதிபர் சிவசுப்பிரமணியம் கடிதத்தை வாசித்துவிட்டு, எச்சில் இலையைத் தள்ளுவதுபோல மேசை ஓரத்துக்குத் தள்ளினார்.

"கோவையிலை போட்டால் விசாரணை வரும், தங்கச்சி. பிள்ளையின்ரை பேர் அடிபடும். அந்தாளும் பென்சன் எடுக்க நாலு வருசம்தான் கிடக்கு. நான் மரியாதையாய்க் கொக்குவில் பள்ளிக்கூடத்துக்கு மாத்தி விடுறன்."

"கொக்குவிலிலை பெட்டைப் பிள்ளையள் இல்லையோ, சேர்?"

அதிபருக்குச் சில கேள்விகள் காதில் விழுவதில்லை.

"அந்தாள் அரியாலைப் பள்ளிக்கூடத்திலை இருந்து இஞ்சை மாறி வரேக்கை நீங்கள் ஒண்டும் விசாரிக்கேல்லையோ, சேர்?"

"விசாரிக்காமல்? இந்தா பாரும்." அலுமாரியிலிருந்து, சட்டமிட்டுக் கண்ணாடி போட்ட வாழ்த்துப்பா ஒன்றை எடுத்தார். அரியாலைப் பள்ளிக்கூடம் பிரியாவிடையில் கனகரத்தினத்துக்குக் கொடுத்தது; வந்த அன்றே அவர் அதை அதிபரிடம் ஒப்படைத்திருந்தார். 'தாயெனப் பிள்ளைகளைத் தாங்கிய தகையோய்' என்று தொடங்கியது. "உப்பிடி எழுதிக் குடுத்த பிறகு வேறை என்னத்தை விசாரிக்கிறது?"

மூன்றாம் வாரம் கனகரத்தினத்துக்குப் பிரியாவிடை. பொன்னாடை மூன்று, மாலை ஏழு, தின்ன ஆளுக்கு ஒரு ரோல்ஸ். அதிபர் தாமே இரவிரவாக இயற்றியதாகச் சொல்லி, குரல் தழதழக்க வாசித்தார்: "தாயெனப் பிள்ளைகளைத் தாங்கிய தகையோய்..." கைதட்டலில் தகரக் கூரை அதிர்ந்தது. பின்வரிசையில் நின்ற றொசாந்தி கைதட்டல் முடியமுன்னமே வெளியே நடந்தாள்.

அடுத்த திங்கள் கடிதத்தோடு கொக்குவிலுக்கு பஸ் ஏறினாள். அங்குள்ள அதிபர் குணலட்சுமி ஒரு வரி விடாமல் வாசித்தார். மேசையில் அதே வாழ்த்துப்பா, புதுக் கண்ணாடியோடு.

"எனக்கு உது அந்தாள் வந்த அண்டைக்கே விளங்கினது, பிள்ளை. இவ்வளவு பெரிய வாழ்த்துப்பாவோடை ஒரு நல்ல வாத்தியார் வந்து நான் காணேல்லை."

றொசாந்திக்கு மூச்சு வந்தது. "அப்ப கோவையிலை போடுவியளோ, மிஸ்?"

"சீச்சீ, பள்ளிக்கூடத்தின்ரை பேர் என்னத்துக்காகிறது? பயப்பிடாதேங்கோ. தவணை முடிய நாங்களும் ஒரு விழா வைச்சு அனுப்பிவிடுவம்."

"எவடத்துக்கு?"

"அது மேலிடம் பாத்துக்கொள்ளும்."

றொசாந்தி கடிதத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். எதிரே போட்டோகொப்பிக் கடை. பஸ் ரிக்கற்றைக் கிழித்து மகளின் பெயர் இருந்த இடத்தை மறைத்தாள். கனகரத்தினத்தின் பெயரை மறைக்கவில்லை. தன் கையெழுத்தையும் மறைக்கவில்லை.

"எத்தினை கொப்பி, அக்கா?" என்றான் கடைக்காரன்.

"உந்தப் பள்ளிக்கூடத்திலை எத்தினை பெட்டையள் படிக்கினம், தம்பி?"