டேங்க் மூடி

ஞானையனுடைய ஜீப் ஓடும்போது ராஜாதான். ஆனால் பத்து நிமிடத்துக்கு மேல் அது ராஜாவாக இருப்பதில்லை. பேச்சிப்பாறைக்கு மேலே ரப்பர் தோட்டங்களுக்குள் ஏறும் கல்பாதையில், ஏதாவது ஒரு ஏற்றத்தில் இருமும், திணறும், நின்றுவிடும். அரை மணி நேரம் சும்மா விட்டால் ஒன்றுமே நடக்காதது மாதிரி மறுபடியும் கிளம்பும்.

குலசேகரத்தில் மூன்று மெக்கானிக்குகள் பார்த்துவிட்டார்கள். ஒருவன் டீசல் ஃபில்டரை மாற்றினான். இன்னொருவன் பம்பைக் கழற்றி மாட்டினான். மூன்றாமவன் இன்ஜினையே இறக்க வேண்டும் என்றான். டேங்கைத் திறந்து, குழாயை ஊதி ஓட்டிப் பார்த்தால் பட்டறையில் ஒரு குறையும் இருக்காது. வீட்டுக்குக் கொண்டுவந்து மறுநாள் ஏற்றம் ஏறினால் பழையபடி மக்கர் பண்ணும்.

இதைக்கூட ஞானையன் பொறுத்துக்கொள்வான். யேசுதாசனின் ஜீப் நிற்காமல் ஓடுவதைத்தான் அவனால் பொறுக்க முடியவில்லை.

யேசுதாசன் அவனுடைய சகலை. மனைவி நேசபாயின் தங்கையைக் கட்டியவன். இருவருடையதும் ஒரே வருடம் வாங்கிய பழைய ஜீப்புகள். இருவருக்கும் தோட்டத்து ஆட்களையும் ரப்பர் ஷீட்டையும் ஏற்றி இறக்குவதுதான் பிழைப்பு. சாயங்காலம் இரண்டு வண்டிகளும் பாதை முடிகிற அதே மேட்டில்தான் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். யேசுதாசன் வண்டியைக் கழுவுவதுகூடக் கிடையாது. அது பாட்டுக்கு ஓடுகிறது. அவன் டீசல் அடிக்க நிற்பதையும் ஞானையன் பார்த்ததே இல்லை. பார்க்காததெல்லாம் நடக்கவில்லை என்று எடுத்துக்கொள்வது பொறாமைக்காரனுக்குக் கைவந்த கலை.

இவன் நம்ம டேங்கிலிருந்து உறிஞ்சுகிறான் என்று, தன் வண்டியும் ஒழுங்காக ஓடிய நாட்களிலேயே, ஒருநாள் தோன்றியது. தோன்றியபின் தூக்கம் போனது. பால்வெட்டும் ரப்பர் மரத்தில் கட்டிய சிரட்டையிலிருந்து கொஞ்சம் ரப்பர்பால் எடுத்து டேங்க் மூடியின் மேலும் விளிம்பைச் சுற்றியும் விரலால் பூசினான். காய்ந்தால் தோல் மாதிரி ஒட்டிக்கொள்ளும். யாராவது திறந்தால் கிழியும், ஆள் அகப்படுவான். டீசல் அடித்துவிட்டு வரும்போதும் பட்டறையிலிருந்து வரும்போதும் மறக்காமல் புதிதாகப் பூசினான். ஒரு நாள் காலையிலும் அது கிழிந்திருக்கவில்லை. அதே வாரத்தில்தான் இன்ஜின் நிற்கத் தொடங்கியது. திருட முடியாத ஆத்திரத்தில் அவன் வேறு எதையோ செய்து வைத்திருக்கிறான் என்று ஞானையன் முடிவுகட்டினான்.

இந்த நிலையில் மகள் ஜெஸ்மியின் கல்யாணம் வந்தது.

"சித்தப்பா வண்டியில போனா என்னப்பா? அது நிக்காதுல்லா," என்றாள் ஜெஸ்மி.

"எம் மொவள கோயிலுல கொண்டு எறக்க எனக்குத் தெரியும்," என்றான் ஞானையன். அதோடு பேச்சு முடிந்தது.

கல்யாணத்தன்று காலை ஜீப்புக்கு மாலை போட்டு, பின்சீட்டில் ஜெஸ்மியையும் நேசபாயையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினான். பத்து மணிக்கு ஆராதனை. கோயிலுக்கு முந்தின கடைசி ஏற்றத்தில் வண்டி இருமியது, திணறியது, நின்றது. ஸ்டார்ட்டரைத் திருகித் திருகிக் கை ஓய்ந்தது. புதுச்சட்டை முதுகில் ஒட்டியது. ஜெஸ்மி வெள்ளைப் பட்டின் முந்தானையைக் கசக்கிக்கொண்டிருந்தாள்.

பின்னால் உறவுக்காரர்களை ஏற்றி வந்த யேசுதாசனின் ஜீப் வந்து நின்றது. அது வந்து நின்ற அழகே ஞானையனுக்கு வயிற்றைப் பற்றவைத்தது.

"அண்ணே, கொஞ்சம் மாறுங்க, நான் பாக்கட்டு," என்றபடி யேசுதாசன் பானட்டைத் திறந்தான். அங்கே ஒன்றும் அகப்படவில்லை. டேங்குக்கு வந்து மூடியைத் திருகினான். வரவில்லை. வேட்டி முனையால் பிடித்து முறுக்கியதும் உஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்துக்கொண்டு திறந்தது.

யேசுதாசன் மூடியை வெயிலில் பிடித்துப் பார்த்தான். நகத்தால் சுரண்டினான். ரப்பர் தோல் ஒரு துண்டாக உரிந்து வந்தது. அதன் அடியில் குண்டூசி முனையளவு ஒரு துளை.

"இது வழியாத்தான் டேங்குக்குள்ள காத்து போவணும்," என்றான் தணிந்த குரலில். "இத அடைச்சா டீசலு எப்பிடி எஞ்சினுக்கு வரும்? ஆரு இதுல ரப்பர்பாலு பூசினது?"

கேட்டுவிட்டு ஞானையனைப் பார்த்தான். மூடியில் எதற்காகப் பால் பூசுவார்கள், இரவில் அந்த மேட்டில் பக்கத்தில் நிற்கும் வண்டி யாருடையது என்பதெல்லாம் அவனுக்கும் தெரியும். அவன் முகம் சுருங்கியது. ரப்பர் தோலைச் சுருட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மற்றவர்களிடம் திரும்பினான்.

"துளையில அழுக்கு. வேற ஒண்ணும் இல்ல. ஏறுங்க."

ஒரே திருகலில் இன்ஜின் பிடித்தது. ஒரு இருமல் இல்லை, திணறல் இல்லை. ஜீப் ஏற்றத்தை ஏறி முடித்தபோது கோயில் கோபுரம் தெரிந்தது. ஞானையனுக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். தன்னைக் காட்டிக்கொடுக்காமல் விட்டானே என்பதுதான் நெஞ்சை அறுத்தது. அதிலும் அவன் ஒரு படி மேலே போய்விட்டான்.

"சித்தப்பாக்க கைராசிய பாத்தியளாப்பா?" என்றாள் ஜெஸ்மி பின்னாலிருந்து. "மூணு மெக்கானிக்கு பாத்தும் ஆவாதது, அவரு தொட்டதும் சரியாயிட்டு."

வாயை மூடிக்கொண்டு போயிருந்தால் அந்தக் கதை அதோடு முடிந்திருக்கும். ஞானையனால் முடியவில்லை.

"கைராசியும் இல்ல, ஒண்ணும் இல்ல," என்றான். "மூடியில ரப்பர்பாலப் பூசி அந்தத் துளைய அடைச்சதே நாந்தான். எடுக்கத் தெரியாதாக்கும் எனக்கு?"

நேசபாய் கணவனின் பிடரியையே பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

ஜெஸ்மிக்குப் புரியவில்லை. "நீங்களா? எதுக்குப்பா பூசினிய?"

கோயில் வாசல் வந்துவிட்டது. பின்னாலேயே வந்து தன் ஜீப்பிலிருந்து இறங்கி ஓடிவந்த யேசுதாசன், மணப்பெண்ணுக்காக ஜீப்பின் பின்கதவைத் திறந்து பிடித்தபடி நின்றான். ஜெஸ்மி இறங்கவில்லை. அப்பாவின் பதிலுக்குக் காத்திருந்தாள்.