பூச்சுக்குள் போன கையெழுத்து

ராதரம் ஊரின் புதுப் பள்ளிக்கூடத்து மேல்மாடியில், வில்ஃப் ஓல்ட்ராய்ட் சுவரை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே நடந்தார். விடுமுறை வாரம், பிள்ளைகள் இல்லை. வழக்கைத் தீர்க்க வந்த நடுவர் கோட்டைக்கூடக் கழற்றாமல் பின்னால் வந்தார்.

வில்ஃப் மேஸ்திரியாக இருந்த பூச்சுக் கம்பெனி திவாலாகி எட்டு மாதம். அதன் கணக்கை முடிக்க வந்த ஹிலரிதான் பாக்கிப் பணத்தைக் கேட்டு இந்த வழக்கைப் போட்டவள். மேல்மாடியைப் பூசச் சொல்லவே இல்லை என்று சாதித்தது கட்டடத்தைக் கட்டிய பெரிய கம்பெனி. சொன்னவன் அதன் மேற்பார்வையாளன் சக்டன். காகிதம் பிறகு வரும் என்று, வழக்கம்போல பூசாத வெறும் ஜிப்சம் பலகைச் சுவரிலேயே பென்சிலால் எழுதிக் கையெழுத்துப் போட்டான். வில்ஃப் அதன்மேலேயே பூசிவிட்டார்.

"ஒரு போட்டோ எடுத்திருக்கலாமே வில்ஃப்?" என்றாள் ஹிலரி.

"கலவை தொட்டியில இறுகிக்கிட்டு இருந்துச்சும்மா. போட்டோ எங்க தோணுது?"

"தட்டுப்பா, நல்லாத் தட்டு," என்றான் கூடப் பூசிய நார்மன். "உள்ளேருந்து யாராச்சும் 'வாங்க'ன்னு கதவைத் திறப்பாங்க."

வில்ஃப் சிரிக்கவில்லை. 'கூலிக்கு நான் பொறுப்பு' என்று அவர் சொன்ன ஒரு வார்த்தைக்காகத்தான் நார்மனோடு ஆறு பேர் ஆறு வாரம் காசு வாங்காமல் பூசினார்கள். சக்டன் ஜன்னல் வழியே வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மூன்றாவது வகுப்பறைக் கதவருகே வில்ஃபின் கை நின்றது. பஞ்சால் நனைத்து நனைத்து, தகட்டால் மெல்லச் சுரண்டினார். உள்ளங்கையளவு பூச்சு பெயர்ந்தது. பலகையில் மங்கலாக எழுத்து: 'இந்த மாடியும் பூசவும். டி. சக்டன்.' நடுவர் குனிந்து இரண்டு முறை படித்தார். அந்தத் துண்டுப் பலகையை அறுத்து எடுத்துப்போனார்கள். ஓட்டையை அட்டை வைத்து மூடினார்கள்.

தீர்ப்பு பதினைந்தே நாளில் வந்தது: முழுத்தொகையும் கொடுக்க வேண்டும். அன்று நார்மன் எல்லோருக்கும் பியர் வாங்கிக் கொடுத்தான், கடன் சொல்லி.

பெரிய கம்பெனி கொடுக்கவில்லை. ஹிலரி நீதிமன்றம் போனாள். நடுவர் தீர்ப்பு இப்போதைக்குத்தான், நாளைக்கே நீதிமன்றத்தில் பெரிய வழக்குப் போட்டு நாங்கள் ஜெயித்தால், கொடுத்த பணத்தைச் செத்த கம்பெனியிடம் எப்படித் திரும்ப வாங்குவது என்று கேட்டது பெரிய கம்பெனி. நீதிமன்றத்துக்கு அது நியாயமாகப் பட்டது.

"தீர்ப்பு நமக்குத்தான் வில்ஃப்," என்றாள் ஹிலரி போனில். "பணந்தான் வராது. பெரிய வழக்கை நடத்த எங்ககிட்டக் காசில்ல."

வில்ஃப் நார்மனின் வீட்டுக்கே போய்ச் சொன்னார். அவன் வாசலிலேயே நின்று கேட்டான்.

"மீன் வறுக்கிறவன்கிட்ட இந்தத் தீர்ப்பைக் காட்டுனா ஒரு பொட்டலம் குடுப்பானாப்பா?" என்றவன், "உன்னையச் சொல்லி என்ன," என்றான். உள்ளே வா என்று மட்டும் சொல்லவில்லை.

அடுத்த வாரம் சக்டன் கூப்பிட்டான். "அந்த ஓட்டைய அடைக்கணும் வில்ஃப். ஒட்டுத் தெரியாமப் பூச உன்னைய விட்டா யாரு இருக்கா? ஒரு நாள் கூலி தர்றேன்."

நார்மனிடம் கொடுக்க அதாவது ஆகட்டும் என்று வில்ஃப் போனார். புதுத் துண்டை வைத்துத் திருகினார். கலவையைக் கலக்கினார்.

"கூலிய எழுதிக் குடுத்துரு சக்டன்."

"இதுக்குமா? சரிப்பா, கோவிச்சுக்காத." சக்டன் சட்டைப்பையைத் தடவினான். காகிதம் இல்லை. காதிலிருந்த பென்சிலை உருவி, குனிந்து, புதுப் பலகையிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் படியிறங்கிப் போனான்.

வில்ஃப் அந்த எழுத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். தொட்டியில் கலவை இறுக ஆரம்பித்திருந்தது. கரண்டியை எடுத்தார்.