நகராத நரம்புக் கட்டு

இந்தக் காலத்தில் யாருக்கும் தன் வாத்தியம் மட்டும் போதவில்லை, ஊரான் வாத்தியத்தையும் பக்கத்தில் உட்கார வைத்தால்தான் தூக்கம் வருகிறது என்று முணுமுணுத்தார் யதுல்லா. தெஹ்ரானின் அந்த ஒத்திகை அறையில் அவருக்கு இருப்பே கொள்ளவில்லை. மடியில் அவருடைய தார், கழுத்தில் சுரத்துக்குச் சுரம் நரம்பைச் சுற்றிக் கட்டிய பாரசீகத் தந்தி வாத்தியம். எதிரே மாலி நாட்டிலிருந்து கோரா என்னும் யாழ் போன்ற வாத்தியம் வாசிக்க வந்திருந்த பலாகே. நாளைக்கு இருவரும் சேர்ந்து கலப்புக் கச்சேரி. மகள் ஃபரங்கிஸ் அப்பாவைக் கேட்காமலே போஸ்டரில் அவர் பெயரைப் போட்டுவிட்டாள். அவர் மாட்டேன் என்றால் கச்சேரியே இல்லை.

"பாபா, ரெண்டும் ஒட்டலை. உங்க தார்ல அந்த ஒரு நரம்புக் கட்டை மட்டும் கொஞ்சம் மேல தள்ளுங்களேன்."

"என் மூக்கையும் கொஞ்சம் தள்ளி வெச்சுக்கவா? அவனை மாத்திக்கச் சொல்லு."

அவள் மொழிபெயர்த்தாள். பலாகே சிரித்துக்கொண்டே ஒரு தந்தியை இறக்கினான். ஷூர் என்ற பாரசீகப் பண்ணில் மேலே ஏறியபோது இரண்டும் பொருந்தின. யதுல்லாவுக்கு அது பொறுக்கவில்லை. வேண்டுமென்றே கீழே இறங்கினார். இறங்கும்போது ஐந்தாம் சுரம் சற்றே தாழும். சுரத்துக்கு ஒரு தந்தி வைத்த கோராவில் அதற்கு வழியில்லை. மாட்டினான் என்று காத்திருந்தார்.

பலாகே அந்த இடத்தில் விரலை எடுத்துவிட்டான். தார் மட்டும் தனியாக ஒலித்தது. அவர் வேகத்தைக் கூட்டி மறுபடி இறங்கினார். அவன் மறுபடியும் எடுத்துவிட்டான்.

"எப்படி பாபா?"

"சும்மா இருக்கத் தெரிஞ்சவன். நாளைக்கு வரேன். ஆனா ஒருத்தன் வாசிக்க ஒருத்தன் வாயை மூடிக்கிறதுக்குப் பேரு கலப்புன்னு என்கிட்ட சொல்லாதே."

தாரை உறைக்குள் வைத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, தலையை ஆட்டியபடியே வெளியே நடந்தார்.