பிழைகள்: பூச்சியம்

...முப்பத்தெட்டு வீதம், பிழைகள் பூச்சியம், இருக்கட்டும், பாதிக்குப் பிறகுதான் வரும், இந்த நாற்பது கிகாபைட் ஹார்ட் டிஸ்க்குகள் எல்லாம் அப்படித்தான், முதல் பாதி நல்ல பிள்ளை மாதிரி ஓடும், பிறகு ஓரிடத்தில் நின்று முனகத் தொடங்கும், போன கிழமை வத்தளையிலிருந்து வந்த ஒன்று எண்பத்தொன்றில்தானே நின்றது, ஆகவே அருந்ததி, பொறு, அவசரப்படாதே. நான் அவசரப்படவில்லை. ஆறு வருடமாக வெள்ளவத்தையில் ஜாபிரின் கடை மேல்மாடியில் இதே மேசையில் இருந்து ஊராருடைய டிஸ்க்குகளைச் சோதிக்கிறவள் நான், சத்தத்தைக் கேட்டே எது பிழைக்கும் எது பிழைக்காது என்று சொல்லிவிடுவேன், ஜாபிரே வாடிக்கையாளரிடம் 'மிஸ் காது வெச்சா போதும்' என்று பெருமையடிப்பான். ஆனால் இது ஊரார் டிஸ்க் இல்லை, என் வீட்டு டிஸ்க், எட்டு மாதத்துக்கு முன் செத்துப்போய்விட்டது என்று என் கணவர் சொன்ன டிஸ்க். அலுமாரியில் சேலைகளுக்குப் பின்னால் கிடந்தது. வாறண்டி இந்த மாதத்தோடு முடிகிறது, இரண்டு மணிக்கு ஏஜென்சிக்காரன் வந்து பழுதானவற்றை எடுத்துக்கொண்டு புதிது தருவான், ஆனால் சோதனை பிளொப்பி காட்டுகிற பிழை இலக்கத்தை எழுதி ஒட்டாவிட்டால் தொட்டும் பார்க்கமாட்டான். அந்த இலக்கத்துக்காகத்தான் இருக்கிறேன், வேறொன்றுக்கும் இல்லை. ஒரு சத்தமும் இல்லாமல் ஓடுகிறதே, தட்டவில்லை, கிறீச்சிடவில்லை, செத்தது இப்படியா ஓடும்... நாற்பத்தொன்று. பூச்சியம்.

கேபிளை மாற்றிப் பார்த்துவிட்டேன், வேறு மிசினிலும் போட்டுப் பார்த்துவிட்டேன், இது மூன்றாவது தடவை. சில பழுதுகள் சூடேறினால்தான் தெரியும், அதுவும் உண்டு, அப்படித்தான் இருக்க வேண்டும். அன்றைக்கும் வெக்கைதான், ஆகஸ்ட் மாதம், சண்டையால் யாழ்ப்பாணத்துக்குப் போகிற பாதையைப் பூட்டி இரண்டு கிழமை ஆகியிருந்தது, தொலைபேசி ஒரு நாள் எடுக்கும் இரண்டு நாள் எடுக்காது. தம்பி தயாபரன் எங்கேயோ லைன் இருந்த ஒரு கடையில் வரிசையில் நின்று மெயில் போட்டிருந்தான், ஆங்கில எழுத்தில் தமிழ், எப்போதும் போல எழுத்துப் பிழையோடு. அத்தான், அக்கா, திருகோணமலைக்குக் கப்பல் விடுகிறார்களாம், பெயர் பதிகிறதுக்குக் கொழும்பில் ஒரு வீட்டுக்காரர் பொறுப்பெடுத்துக் கடிதம் தரவேண்டுமாம், உங்களுடைய பொலிஸ் பதிவுத் தாளின் பிரதியும் வேண்டுமாம், என்னுடைய அடையாள அட்டையையும் கிராம சேவகர் கடிதத்தையும் ஸ்கான் பண்ணி இணைத்திருக்கிறேன், கெதியாக அனுப்புங்கோ, இங்கே பெடியள் இருக்கேலாது. இரவுச் சாப்பாட்டுக்கு முன் இரண்டு பேரும் சேர்ந்துதான் வாசித்தோம். நாளைக்கு எழுதுவம் என்றார் இவர். மறுநாள் நான் வேலையால் வந்தபோது கொம்பியூட்டர் வயிறு திறந்து கிடந்தது, டிஸ்க் செத்துப்போட்டுது அருந்ததி, கொட்டாஞ்சேனையில் கொம்பியூட்டர் திருத்துகிற செபஸ்தியனிடம் கொண்டுபோய்க் காட்டினேன், ஒன்றும் எடுக்க ஏலாதாம் என்றார். எங்கள் வீட்டு டயல்-அப்பில் மெயில் வந்து இறங்கினால் சேர்வரில் மிச்சம் வைக்காது, அந்த டிஸ்க்கில் இருந்ததுதான் மெயில், அது போனால் அடையாள அட்டை இலக்கமும் போயிற்று, கடிதமும் போயிற்று, தம்பியைத் திரும்பப் பிடித்துக் கேட்கலாம் என்றால் அன்றிலிருந்து பதினேழு நாள் லைன் இல்லை. பதினெட்டாம் நாள் லைன் வந்தது, ஆனால் பேசியது தம்பி இல்லை, அவனுடைய பக்கத்து வீட்டு இரத்தினம்மா. முந்தின நாள் காலமை பாண் வாங்கப் போனவன், பிள்ளை, இன்னும் வரேல்லை, சைக்கிள் மட்டும் மதகடியில் கிடந்தது என்றாள். அவ்வளவுதான். எட்டு மாதம் அவ்வளவுதான்.

எட்டு மாதமாக நான் டிஸ்க்கைத் திட்டினேன், இதைச் சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது. கம்பனிக்காரனைத் திட்டினேன், வெக்கையைத் திட்டினேன். கனடாவிலிருந்து பெரியக்கா தொலைபேசி எடுத்து ஏனடி அந்தக் கடிதத்தை அனுப்பேல்லை என்று அழுதபோது, இவருக்கு வாய் திறக்க வேலையே வைக்காமல் நானே விளங்கப்படுத்தினேன், வெள்ளவத்தையில் கடற்காற்று அக்கா, கடலடிப் பக்கம் வீடு, உப்பு உள்ளுக்குப் போய் எல்லாத்தையும் தின்னும், மின்விசிறி, ரேடியோ, ஜன்னல் கம்பி, டிஸ்க்கும் அப்படித்தான் போகும். எவ்வளவு அழகான விளக்கம். இவர் பக்கத்தில் இருந்து தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். ஜாபிர் மேலே வந்து பால் போடாத பிளேன்ரீ வைத்துவிட்டுப் போகிறான், 'எரர் கோட் வந்திச்சா மிஸ், ஏஜென்சி ஆள் ரெண்டு மணிக்கெல்லாம் வந்துடுவார்.' இன்னும் இல்லை என்றேன். அறுபத்துநான்கு. பூச்சியம். ஒவ்வொரு செவ்வாயும் பஸ் ஏறிக் கொச்சிக்கடை அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்துகிறேன், சைவக்காரிதான், ஆனாலும் தொலைந்ததைத் தேடித் தருகிறவர் அவர் என்று எல்லோரும் போகிறார்கள், நானும் போகிறேன், தம்பியைத் தா என்று கேட்டவள் இப்போது இந்த நீலத் திரைக்கு முன்னால் இருந்து ஒரு பிழை தா என்று கேட்கிறேன், ஒரேயொரு கெட்ட இடம், ஒரு சிவப்புப் புள்ளி, ஒன்று போதும், அதைப் பிடித்துக்கொண்டு நான் வீட்டுக்குப் போய்விடுவேன்.

எண்பத்தொன்று தாண்டிவிட்டது. தொண்ணூறு. சரி, அவர்தான் ஏமாந்தாரோ, செபஸ்தியன் பழுது என்று சொல்லிப் புது டிஸ்க் விற்கப் பார்த்தானோ, அப்படியும் இருக்கலாம்தானே, கொட்டாஞ்சேனை ஆட்கள்... சீ, செபஸ்தியன் அப்படிப்பட்டவன் இல்லை, புது டிஸ்க்கையும் நான்தானே இங்கே ஜாபிரிடம் எடுத்துக்கொண்டு போனேன். தொண்ணூற்றேழு. நூறு. சோதனை முடிந்தது, பிழைகள் பூச்சியம், டிஸ்க் நல்ல நிலையில் உள்ளது. எத்தனை பேருக்கு இந்த வரியைச் சந்தோஷமாக வாசித்துக் காட்டியிருப்பேன். டிஸ்க்கைக் கழற்றி விண்டோஸ் ஓடுகிற மிசினில் இரண்டாவதாகப் போட்டேன், எல்லாம் அப்படியே இருந்தது, கல்யாணப் படங்கள், இவருடைய அலுவலகக் கணக்குகள், நான் வைத்த பெயர்களில் நான் வைத்த கோப்புகள். பழைய மெயில்களை எடுத்துத் திறப்பது எனக்குப் பத்து நிமிட வேலை. தம்பியின் மெயில் இருந்தது, அடையாள அட்டையில் அவன் முழித்துக்கொண்டிருந்தான், கழுத்துப் பொத்தான் வரை பூட்டியபடி. அதோடு விட்டிருக்கலாம். அனுப்பிய மெயில்களையும் ஏன் திறந்தேன், தொழில் பழக்கம், எதையும் முழுதாகப் பார்க்காமல் விடமாட்டேன். அடுத்த நாள் காலை பத்து இருபதுக்கு ஒன்று போயிருந்தது, நான் இங்கே யாரோ ஒருவருடைய டிஸ்க்கைச் சோதித்துக்கொண்டிருந்த நேரம்.

தம்பி தயா, மெயில் கிடைச்சது. இப்ப இஞ்ச நிலைமை சரியில்லை. வீட்டுச் சொந்தக்காரரும் புதுப் பேர் ஒண்டும் பதிய வேண்டாம் எண்டு சொல்லுறார். கொஞ்ச நாள் அங்கேயே கவனமா இருங்கோ. அக்காவோடயும் கதைச்சனான். அவவும் அப்பிடித்தான் சொல்லுறா. இவ்வளவுதான் கடிதம். அக்காவும் அப்படித்தான் சொல்கிறாளாம். எந்த அக்கா, எப்போது சொன்னாள், யாரிடம் சொன்னாள்... அவன் இதை வாசித்தானா, லைன் இல்லாமல் வாசிக்காமலே போனானா, வாசித்துவிட்டுத்தான் பாணுக்குப் போனானா, இதை இனி எந்தச் சோதனை பிளொப்பி சொல்லும். பதினாறு வருடம் ஒரு பாயில் படுத்த மனுசன், எனக்குத் தலையிடி என்றால் கோப்பி போட்டுத் தருகிற மனுசன், என் பெயரை எடுத்து என் தம்பியின் முகத்தில் கதவைச் சாத்தியிருக்கிறார். பயம்தான், தெரியும், எனக்குத் தெரியாதா. அதற்கு முந்திய வருடம் இவருடைய மச்சான்முறையான ஒருவர் பதியாமல் இரண்டு நாள் எங்கள் வீட்டில் தங்கி, சுற்றிவளைப்பில் அகப்பட்டு, பொலிஸ் இவரையும் கூட்டிக்கொண்டு போய் விடிய விடிய மர வாங்கில் இருத்தி, 'மேயா கவுத' என்று பொலிஸ்காரன் சிங்களத்தில் கேட்டுக்கொண்டே இருந்தானாம், இது யார், இது யார், இவர் ஒரே பதிலை நூறு தரம் சொன்னாராம். வந்து இரண்டு நாள் சாப்பிடவில்லை. அதெல்லாம் சரி, பயம் என்றால் பயம் என்று சொல்லலாமே, என்னால் ஏலாது அருந்ததி என்று சொல்லியிருந்தால் நான் வேறு ஆளைப் பிடித்திருப்பேன், வத்தளையில் றஞ்சிதம் அக்கா இருந்தாள், கேட்டால் தந்திருப்பாள். சொல்லவில்லை. நல்ல டிஸ்க்கைக் கழற்றி அலுமாரியில் ஒளித்தார், அதுவும் என் சேலைகளுக்குப் பின்னால்.

பன்னிரண்டரைக்குத் தொலைபேசி அடித்தது, இவர் தினமும் எடுக்கிற நேரம், சாப்பிட்டனியா என்று கேட்கிறதற்கு. அந்த டிஸ்க்கை டெஸ்ட் பண்ணினனான் என்றேன். எந்த டிஸ்க் என்று கேட்கவில்லை அவர். ஒரு பிழையும் இல்லை, நீங்கள் தயாவுக்குப் போட்ட மெயிலும் இருக்குது என்றேன். அவருடைய கந்தோரில் யாரோ சிரிக்கிற சத்தம் கேட்டது, தட்டச்சு சத்தம் கேட்டது. கத்துவார், மறுப்பார், செபஸ்தியனில் பழியைப் போடுவார் என்று நான் எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தேன். அவர் மெதுவாகச் சொன்னார், 'நீ அண்டைக்கு ஒண்டும் கேக்கேல்லையே அருந்ததி. நான் நினைச்சன், உனக்கு விளங்கீட்டுது எண்டு.' பிறகு, 'பின்னேரம் கதைப்பம்,' என்றார். வைத்துவிட்டார்.

விளங்கிவிட்டதாம். என்ன நியாயம் இது, களவெடுத்தவன், வீட்டுக்காரி பார்த்துக்கொண்டுதானே இருந்தாள் என்று சொல்கிற நியாயம், போய் வெள்ளவத்தைச் சந்தியில் நின்று சொல்லட்டும், யார் நம்புவார்கள், டிஸ்க் சோதிக்கிறதையே தொழிலாக வைத்திருக்கிற பெண்சாதியிடம் வந்து டிஸ்க் போட்டுது, கொட்டாஞ்சேனையில் காட்டினேன் என்று ஒரு மனுசன் சொன்னால்... சொன்னால் என்ன. சொன்னால் அவள் கேட்பாள், நான் இருக்கும்போது ஏன் கொட்டாஞ்சேனைக்குக் கொண்டுபோனீர்கள், இஞ்ச தாங்கோ பார்ப்பம் என்று கேட்பாள், கேட்காமல் விடுவாளா, மாதத்துக்கு நாற்பது டிஸ்க் பார்க்கிறவள், அடுத்த நாள் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்தால் மத்தியானத்துக்குள் முடிகிற வேலை. எட்டு மாதம். எனக்கு அந்தக் கேள்வி வரவேயில்லையா? களைப்பாக இருந்திருக்கும், தம்பியை நினைத்த பதற்றத்தில் மூளை ஓடியிருக்காது, அப்படித்தான் இருக்கும். ஜாபிர் கீழேயிருந்து கேட்கிறான், மிஸ், கோட் என்ன, ஸ்டிக்கர் எழுதணும். ஒரு நிமிசம் என்கிறேன். இல்லை, அந்தக் கேள்வி வந்தது. இப்போது நினைவு வருகிறது, அன்றைக்கே வந்தது, வாய் வரைக்கும் வந்தது, அதற்குள் அவர் உடுப்பு மாற்றப் போய்விட்டார் என்று சொல்லிக்கொள்ளலாம், ஆனால் அவர் எங்கேயும் போகவில்லை, டிஸ்க்கைக் கையில் வைத்துக்கொண்டு குசினி வாசலில் நின்றார், கனநேரம் நின்றார், நான் கேட்கட்டும் என்று நின்ற மாதிரித்தான் இருந்தது. சோறு அடிப்பிடிக்குது என்று சொல்லி நான்தான் திரும்பினேன். அன்றைக்குச் சோறு அடிப்பிடிக்கவில்லை.