பதினாறு கலர் மயில்

“பதினாறு கலரை வச்சுக்கிட்டு நான் எப்படிலே மயில் போட?” என்று பானுப்பிரியா அக்கா மறுபடியும் கேட்டாள்.

என்ன சொல்ல? அவள் லேப்டாப்பில் இருந்த விண்டோஸ் 98-ஐ அழித்துவிட்டு எக்ஸ்பி போட்டவன் நான்தான். போட்ட பிறகுதான் ஒரு விஷயம் தெரிந்தது. உள்ளே இருக்கும் கிராஃபிக்ஸ் சிப்பை எக்ஸ்பியில் ஓட்டுகிற டிரைவர் என்ற சாஃப்ட்வேரை யாரும் செய்யவே இல்லை. டிரைவர் இல்லாவிட்டால் எக்ஸ்பி ஸ்கிரீனை எப்படியோ ஒப்பேற்றும்: 640-க்கு 480, மொத்தமே பதினாறு நிறம். மயிலின் கழுத்து அம்மை போட்ட மாதிரி புள்ளி புள்ளியாக இருந்தது. அவள் டிசைன் செய்கிற கோரல்டிராவில் எந்தப் பெட்டியைத் திறந்தாலும் அதன் ஓகே பட்டன் ஸ்கிரீனுக்குக் கீழே போய் மறைந்துகொண்டது.

“அழிக்கட்டுமான்னு ஒரு வார்த்தை கேட்டியாலே?”

“நீதானக்கா புதுக் கோரல் வேணும்னு சொன்ன. 98-ல அது ஏறாது.”

“ஏறாதுன்னு சொல்லிட்டுப் போயிருக்கணும். உள்ளதையும் தொடைச்சுப்புட்டு நிக்கான் பாரு, இன்ஜினியரு.”

அவள் என் பெரியம்மா முருகம்மாளின் மகள். வீடு ஆமத்தூரில். எனக்குச் சூலக்கரையில் ஒரு பிரவுசிங் சென்டரில் வேலை, அங்கே இருக்கும் கம்ப்யூட்டரில் கோரல் ஏற்ற ஓனர் விடமாட்டார். மதுரையில் செகண்ட் ஹேண்டில் தேடி அந்த லேப்டாப்பை அவளுக்கு வாங்கித் தந்ததும் நான்தான். 2000-ஆம் வருடத்து மாடல், பேட்டரி செத்தது, பிளக்கைப் பிடுங்கினால் அந்த நொடியே அணைந்துவிடும். மற்றபடி தங்கம்.

சிவகாசியில் ஒரு ஆஃப்செட் பிரஸ்காரர்கள் அக்காவுக்கு டிசைனர் வேலை தருவதாக இருந்தார்கள். அதற்கு ஒரு பரீட்சை. தரைச்சக்கரப் பட்டாசுப் பெட்டிக்கு ஒட்டும் லேபிளின் ஃபைலைக் கொடுத்து, மயிலை அப்படியே வைத்துக்கொண்டு பின்னணியை மாற்றி, எழுத்தைப் புதிதாகப் போட்டுத் திங்கட்கிழமை பத்து மணிக்குக் கொண்டுவரச் சொன்னார் முதலாளி மகன் ஹரிபிரசாத். ஃபைல் புது கோரலில் இருந்தது. அதனால்தான் இத்தனை கூத்தும்.

பரீட்சையில் தோற்றால் செவ்வாய்க்கிழமை அவள் பெரியம்மாவோடு வேனில் ஏறி ஏழாயிரம்பண்ணைக்குப் போகவேண்டும். பெரியம்மா அங்கே ஒரு பட்டாசுக் கம்பெனியில், வெடிமருந்து செலுத்துகிற மருந்து ரூமில் இருக்கிறாள். காகிதக் குழாய் உருட்ட ஆள் வேண்டும் என்று போர்மேன் கேட்டு, பெயரும் கொடுத்தாகிவிட்டது. டிடிபி படித்த கையால் குழாய் உருட்டமாட்டேன் என்று அக்கா ஒரு மாதமாகச் சண்டை. இப்போது சனிக்கிழமை காலை.

“மத்தியானத்துக்குள்ள சரி பண்றேன்” என்று சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்தேன்.

சென்டரில் உட்கார்ந்து தேடினேன். அவள் சிப்புக்கு ஒரு அண்ணன் சிப் உண்டு, அதே கம்பெனி செய்தது. அதற்கு மட்டும் விண்டோஸ் 2000 டிரைவர் கிடைத்தது. 2000-ம் எக்ஸ்பியும் ஒரே குடும்பம் என்பதால் டிரைவர் பொருந்த வாய்ப்பு உண்டு. ஆனால் டிரைவரோடு ஒரு பட்டியல் வரும். எந்தெந்த நம்பர் சிப்புக்கு நான் பொருந்துவேன் என்று அதில் எழுதியிருக்கும். அதில் அக்கா சிப்பின் நம்பர் இல்லை. போலந்துக்காரர் ஒருவர் ஒரு ஃபோரமில் எழுதியிருந்தார்: பட்டியலை நோட்பேடில் திற, அண்ணன் நம்பருக்குக் கீழே தம்பி நம்பரையும் எழுது. அவ்வளவுதான்! கல்யாணப் பந்தியில் பெயரைச் சேர்த்துக்கொண்டு உட்காருகிற மாதிரி.

பென் டிரைவில் போட்டுக்கொண்டு மூன்று மணிக்கு ஆமத்தூர் வந்தேன். இன்ஸ்டால் செய்தேன். ‘இந்த டிரைவர் சோதிக்கப்படாதது’ என்று எக்ஸ்பி மிரட்டியது. பரவாயில்லை என்று அமுக்கினேன். ரீஸ்டார்ட். ஸ்கிரீன் கறுப்பாகவே இருந்தது. அக்கா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை. பிறகு சட்டென்று ஸ்கிரீன் முழுக்க விரிந்தது. 1024-க்கு 768, கோடிக்கணக்கில் நிறம். கழுத்து நீலம், தோகைப் பச்சை, எல்லாம் வந்து நின்றன.

“ஏ யாத்தே!” என்றாள் அக்கா.

இருபது நிமிடம்தான். பொத்தென்று அணைந்தது.

மறுபடி போட்டோம், கால் மணி நேரம் ஓடி அணைந்தது. அடுத்த தடவை பத்து நிமிடம். டிரைவரில்தான் தப்பு என்று முடிவு செய்தேன். கழற்றினேன், வேறு விதமாகப் போட்டேன், செட்டிங்கை மாற்றினேன், மறுபடி கழற்றினேன். ஐந்தரைக்கு வேன் வந்து பெரியம்மா இறங்கினாள். கை கால் கழுவிவிட்டு வந்து லேப்டாப்பின் அடியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். அவ்வளவுதான், முகம் மாறிவிட்டது.

“ஏலே முனியா, இது என்ன இந்தச் சூடு சுடுது! அமத்துலே அதை!”

“பெரியம்மா, இது டிரைவர் பிரச்சினை. உங்களுக்குப் புரியாது.”

“ட்ரைவரு தூங்கிட்டானோ? சூடு ஏறுச்சுன்னா என்ன ஆகும்னு எனக்காலே புரியாது? இருபது வருசமா அதைத்தானே பாத்துட்டு இருக்கேன். கதவைத் தொற.”

மருந்து ரூமில் அவர்களுக்குச் சட்டம் இருக்கிறது. விடியுமுன் வேலை தொடங்கும். வெயில் ஏறினால் மருந்தைத் தொடக்கூடாது, வேறு வேலைதான். நாலு பேருக்கு மேல் உள்ளே நிற்கக்கூடாது. எல்லாக் கதவும் திறந்திருக்கவேண்டும். பெரியம்மா அந்தச் சட்டத்தை லேப்டாப்புக்கும் போட்டாள். “இனிமே இன்னைக்குக் கிடையாது. நாளைக்கு நாலரைக்கு எந்திரிங்க. ஒம்பது மணிக்குள்ள முடிக்கணும்.”

சித்திரை வெயிலில் ஓட்டுக்கூரை வீட்டுக்குள் பத்து வருடப் பழைய லேப்டாப் வேறு எதற்கு அணையும்? அதுவரை சும்மா கிடந்த சிப் இப்போதுதான் முழுசாக வேலை செய்கிறது, சூடு கூடுகிறது. இது எனக்குத் தோன்றியிருக்கவேண்டும். தோன்றவில்லை. ஒத்துக்கொள்ளவும் மனசில்லை.

ஞாயிறு நாலரைக்கு ஆரம்பித்தோம். இரண்டு கதவும் ஜன்னலும் திறந்திருந்தன. ஐந்தரை வரை ஒரு தடவைகூட அணையவில்லை. அக்கா தோகையை ஒவ்வொரு கண்ணாகப் பின்னணியிலிருந்து பிரித்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, எல்லாம் நான் கடைசியாக மாற்றிய செட்டிங்கால்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்போது முதுகுக்குப் பின்னால் சளக் சளக் என்று சத்தம். பெரியம்மா ஒரு குடத்துத் தண்ணீரைத் தரை முழுக்கத் தெளித்துக்கொண்டு வருகிறாள்! கம்பெனியில் ரூம் தரையை ஈரமாக வைத்திருக்கிற பழக்கம். பிளக் போர்டு தரையில் கிடந்தது.

“பெரியம்மா, கரண்டு!”

கத்திக்கொண்டே எட்டிப் பாய்ந்து சுவரில் இருந்த பிளக்கைப் பிடுங்கிவிட்டேன். லேப்டாப் அணைந்தது.

“சேவ் பண்ணிருந்தியாக்கா?”

ஒரு மணி நேரத் தோகை போயிருந்தது.

“எம்மா, இது என்ன மருந்து ரூமா?” என்று அழுகிற குரலில் கேட்டாள் அக்கா.

“பின்ன, தீயில்லாமயா சுடுது?” என்றாள் பெரியம்மா. குடத்தைக் கீழே வைத்துவிட்டாள். “எனக்குத் தெரிஞ்சதைத்தானே செஞ்சேன். நீ வேன்ல ஏறணும்னு எனக்கு என்ன வேண்டுதலா?”

பிறகு பெரியம்மாவே சேலை முந்தானையால் போர்டைத் துடைக்கப் போனாள். நான் தடுத்து, காய்ந்த துணியால் துடைத்து, போர்டை ஆணியில் தொங்கவிட்டேன். அவள் ஒரு சாக்கை நனைத்துப் பிழிந்து நாலாக மடித்து மேஜையில் போட்டாள். அதன்மேல் எவர்சில்வர் தாம்பாளத்தைக் கவிழ்த்தாள். “இதுக்கு மேல வைக்கலாமாலே, உன் டிரைவரு கோவிச்சுக்குவானா?”

வைத்தோம். தாம்பாளம் சில்லென்று இருந்தது.

ஒரு தடவை செய்த வேலை என்பதால் அக்கா இரண்டாம் முறை வேகமாகச் செய்தாள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை நான் “சேவு” என்று சொல்ல, “வாயை மூடுலே” என்று சொல்லிக்கொண்டே சேவ் செய்தாள். எட்டே முக்காலுக்கு முடித்தாள். பென் டிரைவில் இரண்டு பிரதி, சிடியில் ஒன்று. ஒன்பதே காலுக்கு லேப்டாப் தானாகவே அணைந்தது. சாக்கு காய்ந்துபோயிருந்தது.

திங்கட்கிழமை நானும் கூடப் போனேன். ஹரிபிரசாத் அவர் சிஸ்டத்தில் ஃபைலைத் திறந்து, தோகை ஓரத்தைப் பெரிதாக்கி, நெடுநேரம் பார்த்தார்.

“நல்லா வெட்டிருக்கீக. கண்ணு கண்ணா பிரிச்சிருக்கீக. எம்புட்டு நேரம் ஆச்சு?”

“ரெண்டு தடவை செஞ்சேன் சார்” என்றாள் அக்கா.

அவர் சிரித்தார். “புதன்கிழமை வாங்க. ஆனா ஒண்ணு. சீசன் லோடு ஏறிக்கிட்டே போகுது, சிஸ்டம் பத்தல. தீபாவளி லேபிள் முடியிற வரைக்கும் உங்க லேப்டாப்பையே கொண்டுவந்துருங்க. மேல ரூம்ல உக்காரலாம்.”

மேல் ரூமைப் பார்த்தேன். தகரக் கூரை. ஒரு மின்விசிறி, அதுவும் அனலைத்தான் தள்ளியது. வேலை நேரம் காலை பத்திலிருந்து மாலை ஆறு. அங்கே சாக்கு நனைத்துப் போட விடமாட்டார்கள், சுற்றிலும் அச்சடித்த காகிதம். போர்மேனிடம் கொடுத்த பெயரைப் பெரியம்மா இன்னும் எடுக்கவில்லை. “ஒரு வாரம் ஓடட்டும், பாப்போம்” என்கிறாள்.

அதனால் இன்று செவ்வாய், லேப்டாப் என் மேஜையில் அக்கக்காகக் கிடக்கிறது. உள்ளே விசிறியில் ஒரு கைப்பிடி பஞ்சு அடைத்திருந்தது, எடுத்துவிட்டேன். அதனால் பாதிச் சூடு குறையலாம். மீதிக்கு இரண்டு வழி தெரிகிறது. சிப்பின் வேகத்தைக் குறைக்க ஒரு சின்ன சாஃப்ட்வேர் இருக்கிறது. சூடு குறையும், ஆனால் மயிலை நகர்த்தினால் ஸ்கிரீனில் அது ஆடி அசைந்துதான் வரும். இல்லாவிட்டால் அடிப்பலகையில் ஓட்டை போட்டு, பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய விசிறி ஒன்றை மாட்டலாம். தப்பாகத் துளைத்தால் அக்கா வேன்தான். டிரில் மெஷின் கையில் இருக்கிறது, நாளைக் காலை எட்டரை பஸ்ஸுக்கு அவள் கிளம்பவேண்டும். நீங்களாக இருந்தால் எதைச் செய்வீர்கள், துளைக்கட்டுமா?