எண்பத்திரண்டு டிகிரி

மெக்கானிக்கின் மனைவி டாக்ஸி ஓட்டினாள். எஞ்சின் எவ்வளவு சுட்டதோ அவள் உடம்பும் அவ்வளவு சுட்டது. இரண்டு தெர்மாமீட்டர்களை உடைத்துக்கொண்ட டாக்டர், இது ஒர்க்‌ஷாப் சமாச்சாரம் என்று கைகழுவிவிட்டார். அதனால் பெரிய கஷ்டமும் இருக்கவில்லை. பம்ப் எஞ்சினைச் சுற்றித் தண்ணீரைத் தள்ளியது, ரேடியேட்டர் அதை மெல்லிய குழாய்களில் பிரித்து ஆற்றியது, விசிறி காற்றை இழுத்துக் கொடுத்தது. அவளும் சண்டை போட்டு, சிரித்து, வீட்டை இரண்டாக்கிக்கொண்டிருந்தாள். ஒரு கோடையில், மேட்டுச் சாலையில், எஞ்சின் சூடேறியதும் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும் வால்வு மூடியபடியே சிக்கிக்கொண்டது. அவளைத் தூக்கி வந்தபோது சட்டைக் காலர் கருகியிருந்தது. மெக்கானிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவன் தொழிலில் அவசரத்துக்கு எல்லோரும் செய்வதை அவனும் செய்தான்: வால்வையே கழற்றி எறிந்துவிட்டான்.

தண்ணீர் எந்நேரமும் ரேடியேட்டர் வழியாகவே ஓடியது. வண்டி அதன் பிறகு கொதிக்கவில்லை, சரியாகச் சூடேறவும் இல்லை. இருமிக்கொண்டே ஓடிப் பெட்ரோலைக் குடித்தது. அவள் பிழைத்தாள். ஆனால் மூன்று வருஷம் கோபப்படவில்லை, சிரிக்கவில்லை. அம்மா இறந்த செய்தி வந்தபோது "சரி" என்று சொல்லிவிட்டுத் தட்டில் மிச்சமிருந்ததைச் சாப்பிட்டு முடித்தாள். தங்கமான பொண்ணு என்று அக்கம்பக்கத்தில் மெச்சினார்கள். மெக்கானிக்குத்தான் அவளைப் பார்க்கப் பார்க்க நெஞ்சைப் பிசைந்தது.

ஒரு நாள் காலை அவள் ஒர்க்‌ஷாப் வாசலில் டாக்ஸியை நிறுத்தினாள்.

"எங்கம்மாவுக்கு நான் இன்னும் அழலைங்க. அந்த வால்வைத் திரும்பப் போடுங்க."

புது வால்வும் சிக்கலாம், சிக்கினால் இந்தத் தடவை தப்பமாட்டாய் என்று அவன் மறுத்தான். அவள் நகரவில்லை. கடைசியில் புது வால்வைச் சுடுதண்ணீரில் போட்டு, எண்பத்திரண்டு டிகிரியில் திறக்கிறதா என்று பதினோரு தடவை பார்த்துவிட்டு மாட்டினான். அவள் ஸ்டியரிங் முன் உட்கார்ந்து வண்டியை ஸ்டார்ட் செய்தாள்.

அவன் ரேடியேட்டரின் மேல்பக்க ரப்பர் ஹோஸைப் பிடித்துக்கொண்டு நின்றான்; வால்வு திறந்தால்தான் அது சுடும். சூடு காட்டும் முள் எழுபதைத் தொட்டபோது அவள் கன்னம் சிவந்தது. எண்பத்திரண்டிலும் ஹோஸ் ஜில்லென்றே இருந்தது. எண்பத்தெட்டில் அவள் மூச்சு ஆவியாக வந்தது. அணைத்துவிடச் சொல்லிக் கத்தினான். அவள் சாவியைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"அணைக்க மாட்டேன். நீங்க வேலையைப் பாருங்க."

தொண்ணூற்றைந்தில் ஸ்டியரிங் உறை இளகத் தொடங்கியது. தண்ணீர் ஊற்றும்போது உள்ளே காற்று அடைத்திருக்கும், சுடுதண்ணீர் வால்வைத் தொடவே இல்லை என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. ஹோஸை இரண்டு கைகளாலும் பிசைந்தான். உள்ளே ஏதோ களக்கென்றது. மறு நிமிஷம் ஹோஸ் கையைச் சுட்டது. சுட்டும் அவன் கையை எடுக்கவில்லை. முள் மெல்ல நடுவுக்கு இறங்கியது.

அவள் முதலில் அம்மாவுக்காக அழுதாள். அப்புறம் மூன்று வருஷத்துச் சண்டையையும் வரிசையாகப் போட்டாள். முடியும்வரை எஞ்சினை நிறுத்தக் கூடாது என்று அவள் சொல்லிவிட்டதால், மெக்கானிக் திட்டு வாங்கிக்கொண்டே கேனிலிருந்து பெட்ரோல் ஊற்றிக்கொண்டிருந்தான்.